சாம்பல் நிறத்தில் ஒரு குடை

மைசூருவில் வாழும் எங்களுக்கு விலங்கியல் பூங்கா புதிய இடமன்று. 1892ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சாமராஜேந்திர விலங்கியல் பூங்காவின் நிழல் படர்ந்த பாதைகளில், மகளை முதலில் தோளில் சுமந்தும் பின்னர்க் கைப்பிடித்தும் நாங்கள் நடந்த ஞாயிற்றுக்கிழமைகள் பல. ஆகவே, கல்லூரியில் முதலாண்டு பயிலும் அவள் கணினித் திரையில் ஒரு விலங்கியல் பூங்காவைக் கட்டத் தொடங்கியபோது எங்களுக்கு வியப்பு ஏற்படவில்லை. விலங்குகளை வேடிக்கை பார்த்த குழந்தை இப்போது அவற்றுக்கு வீடு கட்டுகிறாள் என்று எண்ணி மகிழ்ந்தோம்.

வியப்பு சில மாதங்கள் கழித்து வந்தது. ஓர் இரவு பதினொரு மணியைத் தாண்டியும் அவளது அறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தோம். திரையில் விலங்கும் இல்லை, பூங்காவும் இல்லை. கோயில் திருவிழாக்களில் பிடிக்கப்படும் அலங்காரக் குடையைப் போன்ற ஒரு குடை மட்டும் வெறுமையான வெளியில் நின்றது. துணியின் மடிப்பும் இழையோட்டமும் அத்தனை நேர்த்தியாக இருந்தன. ஆனால் குடை முழுவதும் சாம்பல் நிறம்.

“இத்தனை அழகாகச் செய்துவிட்டு வண்ணம் தீட்டாமல் விட்டுவிட்டாயே அம்மா?” என்று கேட்டோம்.

“தீட்டக் கூடாது அப்பா. அதுதான் இதில் வேலையே” என்றாள் அவள்.

அந்த விடையின் பொருள் எங்களுக்கு விளங்கச் சில வாரங்கள் ஆயின. விளங்கிய பிறகு, அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் வீணாகும் நேரம் என்று எண்ணும் பெற்றோரில் நாங்களும் அடக்கம் என்பதால், அதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு.

விளையாட்டும் அதன் இணைப்புகளும்

மகள் விளையாடும் விளையாட்டின் பெயர் ‘பிளானெட் ஜூ’. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ்’ நிறுவனம் இதனை உருவாக்கி, 2019ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் வெளியிட்டது. விளையாடுபவர் ஒரு பூங்காவின் மேலாளர் ஆகிறார். விலங்குகளுக்கு ஏற்ற வாழிடம் அமைப்பது, பணியாளரை அமர்த்துவது, வரவு செலவைச் சரிக்கட்டுவது யாவும் அவர் பொறுப்பு. வங்கப் புலி, ஒற்றைக் கொம்பு காண்டாமிருகம், கரியால் முதலை, மயில் என நம் நாட்டு உயிரினங்கள் பலவும் அதில் உலவுகின்றன.

இத்தகைய விளையாட்டுகளுக்கு ஒரு மரபு உண்டு. 2001ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘ஜூ டைகூன்’ காலம் முதலே, ஆர்வலர்கள் தாமே புதிய விலங்குகளையும் மரங்களையும் இருக்கைகளையும் செய்து விளையாட்டில் சேர்த்து வந்துள்ளனர். இவ்வாறு வெளியிலிருந்து சேர்க்கப்படும் கூடுதல் இணைப்பை ‘மாட்’ என்று அழைக்கிறார்கள். பாறை, வேலி, தூண், குடை முதலிய அலங்காரப் பொருள்களுக்கான இணைப்புகள் அவற்றுள் ஒரு பெரும்பிரிவு.

இதே நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘பிளானெட் கோஸ்டர்’ என்னும் கேளிக்கைப் பூங்கா விளையாட்டில், விளையாடுவோர் தாம் செய்த பொருள்களைச் சேர்ப்பதற்கென்றே 2018இல் அதிகாரபூர்வமான கருவித் தொகுப்பு ஒன்று வழங்கப்பட்டது. பிளானெட் ஜூவில் இணைப்பு செய்வோர் ‘கோப்ரா டூல்ஸ்’ என்னும் திறந்த மூலக் கருவித் தொகுப்பைப் பயன்படுத்துகின்றனர். அது ஆர்வலர்கள் ஊதியமின்றி உருவாக்கிப் பேணி வருவது. உருவம் செதுக்குவதற்கு ‘பிளெண்டர்’ என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது.

இந்தப் பிளெண்டரின் வரலாறு, சேமிப்பின் அருமை அறிந்தவர்களுக்குப் பிடிக்கும். அதனை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, மென்பொருளைப் பொதுவுடைமை ஆக்குவதற்காக 2002ஆம் ஆண்டு உலகெங்கும் உள்ள பயனாளர்கள் சிறு சிறு தொகைகளாகச் சேர்த்து ஒரு லட்சம் யூரோவைத் திரட்டினார்கள். அதற்கு ஏழு வாரங்களே பிடித்தன. அன்று முகம் தெரியாதவர்கள் செலுத்திய பணத்தின் பயனை இன்று எங்கள் வீட்டு மேசையில் எங்கள் மகள் நுகர்கிறாள்.

ஒரு குடைக்குப் பத்துக் குடை

குடைக்கு ஏன் வண்ணம் தீட்டக் கூடாது? இதற்கான விடை ஒரு சிறு கணக்கில் இருக்கிறது.

திரையில் காணும் பொருளின் மேற்பரப்பில் ஒரு படம் போர்த்தப்பட்டிருக்கும். நீளத்தில் 1024, அகலத்தில் 1024 பிக்சல்கள் கொண்ட படம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் எனில், சுருக்கப்படாத நிலையில் அந்தப் படம் 4 மெகாபைட் நினைவகத்தைப் பிடிக்கும். சிவப்புக் குடை, நீலக் குடை, மஞ்சள் குடை என்று பத்து வண்ணங்களில் பத்துக் குடைகளைச் செய்தால் 40 மெகாபைட் ஆகிறது. அப்போதும் விளையாடுபவர் பதினொன்றாவது வண்ணம் ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

மாற்று வழி இது. வண்ணம் இல்லாத ஒரு மேற்பரப்புப் படம். எந்தப் பகுதியில் எந்த வண்ணம் ஏற வேண்டும் என்று எல்லை காட்டும் இன்னொரு படம். ஆக 8 மெகாபைட். வண்ணத்தை விளையாடுபவரே தேர்ந்தெடுத்துக்கொள்வார். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகள் இருப்பதால், ஒரு பகுதிக்குக் கிடைக்கக்கூடிய வண்ணங்களின் எண்ணிக்கை 1,67,77,216. நடைமுறையில் படங்கள் சுருக்கப்பட்டே விளையாட்டில் சேர்கின்றன என்றாலும், சிக்கனத்தின் விகிதம் ஏறத்தாழ இதுவே.

ஒரு பொருளில் இப்படி நான்கு பகுதிகள் வரை தனித்தனியே வண்ணம் ஏற்க இயலும். எங்கள் மகளின் குடையில் எட்டுத் துணிப் பட்டைகள் உள்ளன. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் நான்கு பட்டைகள் முதற்பகுதி. எஞ்சிய நான்கு இரண்டாம் பகுதி. விளிம்பில் தொங்கும் கரை மூன்றாம் பகுதி. கம்பு நான்காம் பகுதி. உடல், கரை, முந்தானை என்று சேலையைப் பிரித்துப் பார்க்கும் கண்ணுக்கு இந்தப் பிரிவினை எளிதில் விளங்கும்.

செதுக்கலும் விரித்தலும்

முதல் வேலை உருவம் அமைத்தல். கணினியில் எந்த உருவமும் சிறு முக்கோணங்களால் ஆனது. முக்கோணங்கள் மிகுந்தால் உருவம் வழவழப்பாகும்; கணினியின் சுமையும் ஏறும். குடையின் கம்பை எட்டுப் பக்கங்கள் கொண்ட உருளையாகச் செய்தால், அதன் சுற்றுப்புறத்துக்கு 16 முக்கோணங்கள் போதும். 64 பக்கங்கள் வைத்தால் 128 தேவை. ஒரு குடையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஒரு பூங்காவில் நூறு குடைகள் நடப்பட்டால், 1,600 முக்கோணங்களா 12,800 முக்கோணங்களா என்ற கேள்வி எழும். தொலைவில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே கம்புதான். அதனால்தான் தொலைவில் தெரிவதற்கென்று இன்னும் எளிய உருவம் ஒன்றையும் சேர்த்தே செய்து வைக்கிறார்கள்.

இரண்டாவது வேலை விரித்தல். தட்டையான படத்தை வளைந்த உருவத்தின்மேல் போர்த்த வேண்டுமானால், முதலில் அந்த உருவத்தைத் தட்டையாக விரித்துப் பார்க்க வேண்டும். தைத்த சட்டையைத் தையல் பிரித்து மேசையில் பரப்பும் தையற்காரரின் வேலையைத் திரையில் செய்கிறார்கள். எந்த இடத்தில் தையலைப் பிரிப்பது, எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பதெல்லாம் செய்பவரின் முடிவு.

மறுவண்ணம் ஏற்கும் பொருளின் வெற்றி தோல்வி பெரிதும் இங்கேயே தீர்மானமாகிறது. எட்டுப் பட்டைகளும் ஒரே அளவின என்பதால், எல்லாவற்றையும் படத்தின் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். இடம் மிச்சமாகும். எங்கள் மகளும் முதலில் அப்படித்தான் செய்தாள். ஆனால் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் பட்டைகள் ஒரே வண்ணத்தைத்தான் ஏற்கும். ஒன்றுவிட்டு ஒன்று மாறாது. எட்டுக்கும் எட்டு இடம் ஒதுக்குவது வீண். இரண்டு வண்ணங்களுக்கு இரண்டு இடங்கள் என்பதே சரியான கணக்கு. இந்த ஓர் உண்மையைக் கண்டுகொள்வதற்குள் அவள் மூன்று முறை விரித்தலைப் புதிதாகச் செய்தாள்.

துண்டுகளுக்கு இடையே இடைவெளி விடுவதும் முக்கியம். தொலைவில் உள்ள பொருளுக்குக் கணினி 1024 அளவுப் படத்தைப் பயன்படுத்துவதில்லை. 512, 256, 128, 64 என்று பாதி பாதியாகக் குறைத்த படிகளைப் பயன்படுத்துகிறது. குறைக்கும்போது அடுத்தடுத்த பிக்சல்கள் ஒன்றாகக் கலக்கின்றன. இரண்டு துண்டுகள் ஒட்டி நின்றால், கரையின் வண்ணம் துணிக்குள் கசிந்துவிடும். அவள் 16 பிக்சல் இடைவெளி விட்டாள். நான்கு முறை பாதியாக்கிய பின்னும் ஒரு பிக்சல் எஞ்சும் என்பது அந்த எண்ணுக்குக் காரணம்.

சாம்பலின் இரகசியம்

இப்போது அந்த இரவில் நாங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறோம்.

உண்மையில் முதற்குடை சாம்பல் நிறத்தில் இல்லை. அவளுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில், பார்த்தவுடன் கைநீட்டத் தோன்றும் குடையாக அது இருந்தது. அதன்மேல் நீல வண்ணத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாள். குடை ஏறக்குறையக் கறுத்துப்போயிற்று.

எளிய கணக்கு இதனை விளக்கும். வண்ணம் ஏற்றும்போது, படத்தில் உள்ள நிறமும் விளையாடுபவர் தேர்ந்த நிறமும் பெருக்கப்படுகின்றன. அவளது அரக்கில் சிவப்பு 128, பச்சை 0, நீலம் 32. தேர்ந்த நீலத்தில் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255. 255ஐ முழு அளவாகக் கொண்டு பெருக்கினால் கிடைப்பது 0, 0, 32. அது கருமைக்கு மிக அருகில் உள்ள நிறம். செய்பவர் தம் விருப்பத்தை ஆழமாகப் பதித்துவிட்டால், பின்னால் வருபவரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

வெளிர் சாம்பலில் மூன்று நிறங்களும் சமம். 220, 220, 220 என்று இருக்கும் சாம்பலின்மேல் 255, 220, 0 என்னும் மஞ்சளை ஏற்றினால், விடை ஏறத்தாழ 220, 190, 0. அதாவது மஞ்சள் மஞ்சளாகவே நிற்கிறது. சற்றே அடங்கித் துணிபோலத் தோன்றுகிறது. எல்லா இடத்திலும் ஒரே சாம்பலாக இருந்தாலும் பயனில்லை; குடை நெகிழித் தகடு போலாகிவிடும். இழையின் மேடு 240, பள்ளம் 190 என்று ஒளியின் ஏற்ற இறக்கத்தைச் சாம்பலிலேயே வரைய வேண்டும். மடிப்பின் நிழல், வெயிலில் வெளிறிய உச்சி, மழைநீர் வழிந்த தடம் யாவும் அதே ஒற்றை நிறத்தில் அமைய வேண்டும்.

அப்படியானால் செய்பவருக்கென்று சொந்தமாக எதுவும் மிஞ்சுவதில்லையா? உண்டு. கம்பின் அடியில் இருக்கும் துருவும், துணியைத் தாங்கும் மூங்கில் விலாக்களும் எந்த வண்ணத்தையும் ஏற்காதபடி அவள் விட்டிருக்கிறாள். குடை எந்த வண்ணத்துக்கு மாறினாலும் துரு துருவாகவே இருக்கும். எதை உறுதியாக வைப்பது, எதைத் திறந்து விடுவது என்பதைத் தீர்மானிப்பதே இந்தக் கலையின் உயிர்நாடி என்று எங்களுக்குப் புரிந்தது.

நான்கு தடங்கள்

எல்லை காட்டும் இரண்டாவது படத்தை ‘மாஸ்க்’ என்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என்று ஒரு படத்துக்கு நான்கு தடங்கள் உண்டு. முதற்பகுதியைச் சிவப்புத் தடத்திலும், இரண்டாவதைப் பச்சையிலும், மூன்றாவதை நீலத்திலும், நான்காவதை ஆல்ஃபாவிலும் குறிக்க வேண்டும். தடத்தில் 255 என்று இருக்கும் இடத்தில் வண்ணம் முழுமையாக ஏறும். 0 என்று இருக்கும் இடத்தில் ஏறாது. நான்கு தடங்களிலும் 0 என்று உள்ள இடம்தான் துருவுக்கும் மூங்கிலுக்கும் உரியது.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தப் பணியில்தான் அவள் மனம் தளர்ந்த இரண்டு நாள்கள் வந்தன. மாஸ்கைச் சரியாகவே வரைந்திருந்தாள். ஆனால் விளையாட்டில் வைத்துப் பார்த்தபோது கம்பு மட்டும் வண்ணம் ஏற்றது. துணியும் கரையும் சாம்பலாகவே நின்றன. பருவத் தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்தன. “இதை விட்டுவிடுகிறேன், எனக்கு வராது” என்றாள். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அந்தச் சொல் உள்ளூர நிம்மதியைத் தந்தது. படிப்பில் கவனம் திரும்பும் என்று எண்ணினோம். ஆனால் அந்த இரண்டு நாள்களும் அவள் படிக்கவில்லை, பேசவும் இல்லை. தவறு எங்கே என்று தெரியாமல் விட்ட வேலை, முடித்துவிட்ட வேலையைவிட அதிக இடத்தை மனத்தில் அடைத்துக்கொள்கிறது.

மூன்றாம் நாள் காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். படம் வரையும் மென்பொருள்கள் ஆல்ஃபா தடத்தை ஒளி ஊடுருவும் தன்மையாகக் கருதுகின்றன. ஆல்ஃபா 0 என்றால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத இடம். தெரியாத இடத்தின் நிறத்தைக் காப்பது வீண் என்று, சேமிக்கும்போது அந்த நிறங்களை நீக்கிவிடுவதும் உண்டு. துணியும் கரையும் இருந்த இடமெல்லாம் ஆல்ஃபா 0. ஆகவே அவற்றின் எல்லைக் குறிகள் அனைத்தும் சேமிக்கும் கணத்தில் அழிந்தன. நான்கு தடங்களையும் நான்கு தனிப் படங்களாக வைத்திருந்து இறுதியில் ஒன்றுசேர்த்தபோது குடை முழுவதும் வண்ணம் ஏற்றது. இரவு ஒன்பது மணிக்கு எங்களை அழைத்துக் காட்டினாள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து தேர்வுக்குப் படித்தாள். அன்றிலிருந்து, தேர்வு முடியும்வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும் இந்த வேலைக்கு என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். அவள் அதனை மீறவில்லை.

பட்டியலில் இடம்

உருவமும் படங்களும் ஆயத்தமானாலும் விளையாட்டுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பது தெரியாது. பொருள்களின் பட்டியலாக விளங்கும் தரவுத்தளத்தில் அதன் பெயர், பிரிவு, விலை முதலியவற்றைப் பதிய வேண்டும். குடைக்கு என்ன விலை வைக்கலாம் என்று அவள் எங்களைக் கேட்டாள். விளையாட்டில் உள்ள மற்ற பொருள்களின் விலையைப் பார்த்துவிட்டு, நடுத்தரமாக ஒன்றைச் சொன்னோம். இந்தத் திட்டத்துக்கு எங்கள் பங்களிப்பு அவ்வளவே.

தொடக்க வண்ணங்களை அவளே தேர்ந்தாள். விளையாடுபவர் எதையும் மாற்றாதபோது குடை எப்படித் தோன்ற வேண்டும் என்பது செய்பவரின் உரிமை. அரக்குத் துணியும் சந்தனப் பட்டையும் பொன்னிறக் கரையும் அங்கே வந்து சேர்ந்தன. அழிந்துபோன முதற்குடை இவ்வாறு ஓர் ஆலோசனையாக மீண்டது.

பின்னர்ச் சோதனை. வெள்ளை, கறுப்பு, அடர் சிவப்பு, மஞ்சள் ஆகிய நான்கையும் ஒவ்வொரு பகுதியிலும் மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தாள். வெள்ளையில் அழுக்குத் தடம் மிகையாகத் தெரிகிறதா, கறுப்பில் மடிப்புகள் மறைகின்றனவா என்று கவனித்தாள். நண்பகல் வெயிலிலும் மாலை ஒளியிலும் பார்த்தாள். ஒரு பூங்காவின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, இணைப்பைச் சேர்த்தும் நீக்கியும் சரிபார்த்தாள். இந்த நகல் எடுக்கும் பழக்கம் இன்றியமையாதது. விளையாட்டு புதுப்பிக்கப்படும்போது பழைய இணைப்புகள் செயலிழப்பது எங்கும் இயல்பு. நகல் இல்லாதவர் பல மாத உழைப்பில் உருவான பூங்காவையே இழக்க நேரலாம்.

விலை கேட்டு வந்த செய்தி

தேர்வு முடிந்தபின் குடையை இலவசமாக வெளியிட்டாள். விளையாட்டின் உரிமை அதை உருவாக்கிய நிறுவனத்துடையது என்பதாலும், பயன்படுத்திய கருவிகள் பிறர் இலவசமாக அளித்தவை என்பதாலும், இத்தகைய இணைப்புகளை விலையின்றிப் பகிர்வதே ஆர்வலரிடையே பெருவழக்கு. பிறர் செய்த உருவத்தையோ படத்தையோ எடுத்தாள்வதாயின் அவர் இசைவைப் பெற்று, அவர் பெயரையும் குறிப்பிட வேண்டும்.

நான்காம் நாள் அவளுக்கு ஒரு செய்தி வந்தது. அவளது குடையின் உருவத்தைத் தங்கள் திட்டம் ஒன்றுக்கு வாங்க விரும்புவதாகவும், உடனே 5,000 ரூபாய் அனுப்புவதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். அவளது முதல் வருமானம்! முகமெல்லாம் மலர ஓடிவந்து காட்டினாள். செய்தியின் கீழே ஒரு கியூஆர் குறியீடு இருந்தது. அதனை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணை இட்டால் பணம் அவள் கணக்கில் வந்துவிடும் என்று எழுதப்பட்டிருந்தது.

வாசகர்களுக்கு இது பழகிய செய்தியாக இருக்கலாம். பதினெட்டு வயதில் தன் உழைப்புக்கு முதன்முதலாக விலை பேசப்படுவதைக் காணும் ஒருவருக்கு அப்படியன்று. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. இப்படிப் பின் எண்ணை இட்டால் நம் கணக்கிலிருந்து பணம் வெளியேதான் செல்லும். இதனை அவளுக்கு எடுத்துச் சொன்னோம். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். “அப்படியென்றால் குடை அவருக்குப் பிடிக்கவே இல்லையா?” என்று பிறகு கேட்டாள். ஏமாற்ற வந்தவர் எங்கள் பணத்தை எடுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு அன்று அவர்மீது உண்டான கோபத்துக்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

இத்துறையில் ஈடுபடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சில எச்சரிக்கைகளை நினைவில் கொள்வது நலம். அலங்காரப் பொருள் ஒன்றைப் பதிவிறக்க அட்டை எண்ணோ ஓடிபியோ தேவைப்படாது. குடையோ பாறையோ அடங்கிய கோப்பு, தானே இயங்கும் நிரலாக வந்தாலும், வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவைக்கச் சொன்னாலும் அதனைத் திறக்க வேண்டாம். பணம் இழக்க நேரிட்டால் தாமதிக்காமல் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்துப் புகாரளிப்பதுடன், வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படி ஒரு செய்தி வரும்போது பிள்ளைகள் நம்மிடம் ஓடிவந்து காட்டும் நிலை வீட்டில் இருக்க வேண்டும். ‘எப்போது பார்த்தாலும் கணினி’ என்று முன்பே கடிந்து கதவை மூடியிருந்தால், அன்று அவள் எங்களிடம் வந்திருப்பாளா என்பது ஐயமே.

பிறர் பூங்காவில் நம் குடை

சில வாரங்களில் குடையைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் பூங்காக்களின் படங்களை வெளியிட்டார்கள். முதலில் வந்த படத்தில் குடைகள் பளிச்சிடும் இளஞ்சிவப்பும் கிளிப்பச்சையுமாக நின்றன. “இப்படியா வண்ணம் வைப்பார்கள்!” என்று மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அரக்கையும் சந்தனத்தையும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அடுத்து வந்த ஒரு படத்தில் குடையையே காணவில்லை. கரியால் முதலைகளுக்கான குளம் ஒன்று இருந்தது. கலங்கிய நீரில் முதலைகள் மிதந்தன. அவற்றைச் சுற்றி அகன்ற இலைகள் படர்ந்திருந்தன. இது ஏன் வந்தது என்று நாங்கள் கேட்பதற்குள் அவள் திரையை நெருங்கி உற்றுப் பார்த்தாள். பிறகு இலைகளின் விளிம்பைச் சுட்டினாள். அவை அவளது குடைகள். யாரோ ஒருவர் கம்பு முழுவதையும் குளத்துக்குள் அமிழ்த்தி, துணி மட்டும் நீர்மட்டத்தில் நிற்கும்படி செய்திருந்தார். எட்டுப் பட்டைகளுக்கும் இரண்டு விதமான மங்கிய பச்சை. கரைக்கு வாடிய இலையின் பழுப்பு. கம்புக்கு நீரின் நிறம். மடிப்புக்காக அவள் வரைந்த நிழல்கள் இலையின் நரம்புகளாகவும், மழைநீரின் தடங்கள் பாசியாகவும் மாறியிருந்தன.

முதற்குடையை அரக்கு நிறத்திலேயே வெளியிட்டிருந்தால் அது அழகான குடையாக இருந்திருக்கும். தாமரை இலையாக ஆகியிருக்காது.

அவள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு ஒரு தாளை எடுத்து எதையோ வரையத் தொடங்கினாள். என்ன என்று கேட்டோம்.

“கம்பு இல்லாமல் ஒன்று செய்து கொடுத்தால் அவருக்கு வசதியாக இருக்கும் அப்பா” என்றாள். பிறகு நினைவு வந்தவளாய்ச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு” என்று தாளை மடித்து வைத்தாள்.